கப்பல் பால்கனி: உச்சாணிக் கொம்பில் உட்கார ஏன் இவ்வளவு காசு?

பால்கனி என்றதும் நம்மூர்க்காரனுக்கு முதலில் ஞாபகம் வருவது சினிமா தியேட்டர்தான். தரை டிக்கெட், பெஞ்ச், சேர், அதற்கும் மேலே பால்கனி. காசு ஏற ஏற ஆளும் ஏறுவான். அதில் ஒரு நியாயம் இருந்தது. கழுத்து வலிக்காது, திரை முழுசாகத் தெரியும், முன்னால் எழுந்து நின்று விசில் அடிப்பவன் மறைக்க மாட்டான். கொடுத்த காசுக்கு ஏதோ ஒன்று கிடைத்தது.

சொகுசுக் கப்பல் கம்பெனிகள் இந்தக் கணக்கை அப்படியே கடலுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. மேல் தளம் போகப் போக ரேட்டு ஏறும். ஒரே ஒரு சிக்கல். தியேட்டர் ஆடாது, கப்பல் ஆடும்.

க்ரூஸ் சமாச்சாரம் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். கப்பலில் அறைகள் பொதுவாக நான்கு ஜாதி. ஜன்னலே இல்லாத உள் அறை, திறக்க முடியாத ஜன்னல் வைத்த அறை, பால்கனி அறை, அப்புறம் பணக்காரர்களின் சூட். பால்கனி அறை என்று ஒன்றுதானே இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். ஒரே நீள அகலம், ஒரே கட்டில், ஒரே குளியலறை, வெளியே அதே இரண்டு நாற்காலி ஒரு குட்டி மேஜை. ஆனால் ஏழாம் தளத்தில் ஒரு விலை, ஒன்பதில் ஒரு விலை, பன்னிரண்டில் இன்னொரு விலை. ஒவ்வொன்றுக்கும் எண்ணும் எழுத்துமாக ஒரு குறியீடு. டெக் பிளானைத் திறந்தால் கலர் கலராகக் கட்டம் போட்டிருக்கும், தாயக்கட்டம் மாதிரி. அதில் எது நல்ல கட்டம் என்று சொல்ல யாரும் இல்லை. விலை மட்டும் சொல்லும்: மேலே போனால் நல்லது.

பொய். சுத்தமான பொய்.

அரசுப் பேருந்தில் கடைசி சீட்டில் உட்கார்ந்து போனவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வேகத்தடை வந்தால் முன்னால் இருப்பவனுக்கு ஒரு குலுக்கல், கடைசி சீட்டுக்காரனுக்கு தலை கூரையில் இடிக்கும். விவரமானவர்கள் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் இடம் பிடிப்பார்கள். கப்பல் கதையும் இதேதான். அலை எதிரே வந்தால் கப்பல் சீசா பலகை மாதிரி முன்னும் பின்னும் ஏறி இறங்கும். நம் கடலோர மக்கள் படகின் முன்முனையை அணியம் என்றும் பின்முனையை அமரம் என்றும் சொல்வார்கள். அணியத்திலும் அமரத்திலும் இருப்பவனுக்கு மாடி ஏறி இறங்குகிற அளவு ஆட்டம் வரும்போது நடுவில் இருப்பவனுக்கு டீ கூட சிந்தாது. அலை பக்கவாட்டில் வந்தால் ஆட்டம் வேறு மாதிரி. அதற்குத் தென்னை மரத்தைப் பார்த்தால் போதும். காற்றில் அடிமரம் அசையாது, உச்சி மட்டும் ஆடும். பன்னிரண்டாம் தளத்து பால்கனிக்காரன் அந்த உச்சியில் உட்கார்ந்திருக்கிறான், அதுவும் கூடுதல் காசு கொடுத்து.

"அதுக்குத்தான் ஸ்டெபிலைசர் இருக்கே" என்பார்கள் விற்பனைப் பிரதிநிதிகள். இருக்கிறது. கப்பலின் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் மீன் துடுப்பு மாதிரி நீண்டு நிற்கும். பக்கவாட்டு ஆட்டத்தை நன்றாகவே குறைக்கும், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது. ஆனால் முன்னும் பின்னும் ஏறி இறங்குகிற சீசா ஆட்டத்திடம் அதன் பாச்சா பலிக்காது. அந்த ஆட்டத்துக்கு ஒரே மருந்து இடம்தான். நடு இடம்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பல கம்பெனிகள் நடுப்பகுதி அறைகளுக்கும் தனியாகக் கூடுதல் விலை வைக்கின்றன. ஏன்? ஆட்டம் குறைவு என்பதால். அதாவது இந்த இயற்பியல் அவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே, ஆட்டம் குறைவான நடுவுக்கும் கூடுதல், ஆட்டம் அதிகமான உச்சிக்கும் கூடுதல். தலை விழுந்தாலும் அவர்களுக்கு, பூ விழுந்தாலும் அவர்களுக்கு!

இந்தக் கூத்தின் உச்சக்கட்டம் எம்.எஸ்.சி. கம்பெனியின் யாட்ச் கிளப். 2008-ல் வந்த எம்.எஸ்.சி. ஃபன்டாசியா கப்பலில் ஆரம்பித்தது. தனி லவுஞ்ச், தனி உணவகம், பட்லர் என்று கப்பலுக்குள் ஒரு குட்டி ராஜாங்கம். அது எங்கே இருக்கிறது? கப்பலின் மேல் தளங்களில், அணியத்துப் பக்கம். உயரமும் உண்டு, முன்முனையும் உண்டு. கடல் கொந்தளிக்கிற அன்றைக்கு கப்பலிலேயே அதிகம் ஆடப்போவது இப்படிப்பட்ட ஒரு மூலைதான். பட்லர் வந்து தலையைப் பிடித்துவிடுவார், அது வேறு விஷயம் :-)

பழைய காலத்துக் கப்பல்காரர்கள் இவ்வளவு மோசமில்லை. ஏழை பணக்காரன் பேதம் அவர்களிடம் கொடூரமாக இருந்தது, ஆனால் பணக்காரனையாவது ஏமாற்றவில்லை. 1912-ல் மூழ்கிய டைட்டானிக்கில் முதல் வகுப்பு அறைகள் பெரும்பாலும் கப்பலின் நடுப்பகுதியில். மூன்றாம் வகுப்புக்காரர்களை முன்முனைக்கும் பின்முனைக்கும் தள்ளிவிட்டார்கள். அந்தக் கப்பலில் தனக்கென்று சொந்த நடைதளம் வைத்த சூட் இரண்டே இரண்டுதான், ஒவ்வொன்றும் சுமார் 15 மீட்டர் நீளம். இன்றைய பால்கனிக்கு அதைப் பாட்டி என்று சொல்லலாம். பிறகு 1984-ல் ராயல் பிரின்சஸ் கப்பல் உள் அறையே இல்லாமல், எல்லா அறையும் வெளிப்பக்கம் பார்த்தபடி வந்தது. அதன் மேல் தளங்களில் பால்கனிகளும் இருந்தன. அதன் பிறகுதான் போட்டி சூடு பிடித்தது. இன்று புதிதாக வரும் பெரிய கப்பல்களில் பாதிக்கும் மேற்பட்ட அறைகள் பால்கனி வைத்தவை என்பது சாதாரணம். எல்லோருக்கும் பால்கனி கிடைத்துவிட்டால் பால்கனிக்கு என்ன மவுசு? அதனால் பால்கனிக்குள்ளேயே உசத்தி, தாழ்த்தி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. தளத்தின் எண்தான் சுலபமாகக் கிடைத்த ஏணி.

உயரத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் ஒரே வாதம் காட்சி. சரி, கணக்குப் போட்டே பார்க்கலாம். கடல் மட்டத்திலிருந்து 20 மீட்டர் உயரத்தில் நின்றால் தொடுவானம் சுமார் 16 கிலோமீட்டர் தூரம். 40 மீட்டர் உயரத்தில் நின்றால் சுமார் 22.5 கிலோமீட்டர். ஆக, ஐந்தாறு மாடி உயரத்துக்குக் கூடுதல் காசு கொடுத்தவருக்குக் கிடைப்பது இன்னொரு ஆறரை கிலோமீட்டர் தண்ணீர். அதே தண்ணீர். அதே நீலம். பறக்கும் மீனும் டால்பினும் பார்க்க வேண்டுமென்றால் கீழ்த் தளம்தான் சரி. உச்சியிலிருந்து பார்த்தால் டால்பின் அயிரை மீன் சைஸுக்குத் தெரியும். கார்னிவல் கம்பெனியின் சில கப்பல்களில் கோவ் பால்கனி என்று ஒன்று உண்டு, தண்ணீருக்கு வெகு அருகில், கப்பலின் உடம்பைக் குடைந்து வைத்த மாதிரி. விவரமான பயணிகள் தேடிப்பிடித்துப் போடும் அறைகள் அவை.

சத்தம் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். உச்சித் தளத்து பால்கனி அறைக்கு மேலே என்ன இருக்கும்? பல கப்பல்களில் நீச்சல் குளமும் பஃபேயும் இருக்கிற தளம். அதிகாலையில் ஊழியர்கள் தளத்தைக் கழுவி, நூற்றுக்கணக்கான சாய்வு நாற்காலிகளை இழுத்து வரிசையாகப் போடுவார்கள். கர்ர்ர் கர்ர்ர் என்று ஒவ்வொரு நாற்காலியும் உங்கள் தலைக்கு மேலே. அதற்கு முன்னால் நள்ளிரவு வரை அங்கே பாட்டு. பஃபே அடுப்படிக்குக் கீழே என்றால் தள்ளுவண்டி உருளும் சத்தம் போனஸ். ஊரில் மேல் வீட்டுக்காரர் அம்மிக்கல்லை நகர்த்தினால் போய்ச் சண்டை போடலாம். கப்பலில் யாரிடம் போவது? மேலேயும் கீழேயும் வெறும் அறைகளே இருக்கும் தளத்தில், அறை மாட்டும் சாண்ட்விச் நடுவில் இடம் பிடித்தால்தான் தூக்கம். அப்படிப்பட்ட தளம் பெரும்பாலும் நடு உயரத்தில் இருக்கும். விலையும் உச்சியை விடக் குறைவு. கடைசி மூலை அறைகளில் ப்ரொப்பல்லர் அதிர்வு, முன்பக்கக் கீழ் அறைகளில் துறைமுகம் நெருங்கும் விடியற்காலையில் த்ரஸ்டர் உறுமல். லைஃப்போட்டுக்கு நேர் பின்னால் இருக்கும் பால்கனியில் உட்கார்ந்தால் கடலுக்குப் பதில் ஆரஞ்சு நிற ஃபைபர் கூரை தரிசனம்.

இடப்பக்கமா வலப்பக்கமா என்ற பஞ்சாயத்து தனி. இங்கிலாந்திலிருந்து இந்தியா வந்த வெள்ளைக்காரப் பணக்காரர்கள் போகும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் அறை கேட்பார்கள், அந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் சேர்ந்துதான் 'பாஷ்' என்ற வார்த்தை பிறந்தது என்று ஒரு கதை உண்டு. அப்படி முத்திரை குத்திய டிக்கெட் ஒன்றைக்கூட இதுவரை யாரும் காட்டியதில்லை, அகராதிக்காரர்களும் ஏற்கவில்லை. பெரும்பாலான பயணங்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அலாஸ்காவில் கிளேசியர் பே பனிப்பாறைக்கு முன்னால் கப்பலை நிறுத்தி மெதுவாக ஒரு சுற்று சுற்றுவார்கள், இரண்டு பக்கத்துக்கும் காட்சி கிடைக்கும். வான்கூவரிலிருந்து வடக்கே போய் அங்கேயே இறங்கிவிடும் ஒருவழிப் பயணம் என்றால் மட்டும் கரை பார்க்க வலப்பக்கம் கேட்பதில் அர்த்தம் இருக்கிறது.

இப்போது எதிர்க்கட்சி வாதம். "இந்தக் காலத்துக் கப்பல் எல்லாம் மிதக்கும் மலை, ஆட்டமே தெரியாது, எங்கே படுத்தால் என்ன?" நல்ல கேள்வி. அமைதியான கடலில் உண்மையும்கூட. ஆனால் ஆந்தம் ஆஃப் தி சீஸ் என்ற கப்பலின் கொள்ளளவு 168,666 கிராஸ் டன், நீளம் 347 மீட்டருக்கு மேல். 2016 பிப்ரவரியில் அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அப்பால் புயலில் மாட்டிக்கொண்டு, பயணிகளை அறையை விட்டு வெளியே வராதீர்கள் என்று சொல்லி, பயணத்தையே ரத்து செய்து திரும்பி வந்தது. 2023 நவம்பரில் ஸ்பிரிட் ஆஃப் டிஸ்கவரி கப்பல் பிஸ்கே வளைகுடாவில் புயலில் ஆடி சுமார் நூறு பேர் காயம்பட்டார்கள். அதில் எல்லா அறைக்கும் பால்கனி உண்டு. அறையை விட்டு நகர முடியாத அந்த மணி நேரங்களில்தான், எங்கே அறை எடுத்தோம் என்பது முதல்முறையாக உறைக்கும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2022 நவம்பர் 29 அன்று வைக்கிங் போலாரிஸ் கப்பல் அண்டார்டிகா பயணத்திலிருந்து அர்ஜென்டினாவின் உஷுவாயா நோக்கி வரும்போது ஒரு ராட்சத அலை அடித்துக் கீழ்த் தளத்து அறைகளின் கண்ணாடிகளை உடைத்தது. ஒரு பெண் பயணி இறந்தார். ஆகவே ட்ரேக் நீரிணை மாதிரி முரட்டுக் கடலில் அடிமட்டத் தளம்தான் சொர்க்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கரீபியனுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் மலாக்கா நீரிணைக்கும் போகிற மிதக்கும் மால்கள் வேறு கதை. அங்கே நடுத் தளம், நடுப்பகுதி. இதற்கு மேல் ரகசியம் இல்லை.

நிற்க. இந்த விவகாரத்தில் ஆட்டத்தை விடப் பெரிய ஆட்டம் ஒன்று விலைச்சீட்டில் நடக்கிறது.

1849-ல் ஜூல்ஸ் துப்யூயி என்ற பிரெஞ்சுப் பொறியாளர் ரயில் கட்டணம் பற்றி எழுதும்போது ஒரு விஷயத்தைப் போட்டு உடைத்தார். மூன்றாம் வகுப்புப் பெட்டிக்குக் கூரை போடாமல் விட்டது கூரைக்கு ஆகும் சில்லறைக் காசை மிச்சம் பிடிக்க இல்லையாம். இரண்டாம் வகுப்புக்குக் காசு கொடுக்க முடிந்தவன் மூன்றாம் வகுப்பில் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவாம். ஏழையைத் துன்புறுத்துவது நோக்கமில்லை, வசதியுள்ளவனைப் பயமுறுத்துவதே நோக்கம். பி.காம். பாடப்புத்தகத்தில் விலைப் பாகுபாடு என்று இரண்டு பக்கத்தில் வரும் சமாச்சாரம்தான் இது. பரீட்சைக்குப் படித்துவிட்டு மறந்துபோகிறோம்.

கப்பலில் அந்தக் கூரை எது தெரியுமா? உங்கள் அறையின் எண். அதைத்தான் பிய்த்து எடுத்துத் தனியாக விற்கிறார்கள். 'கேரண்டி' என்று ஒரு வகை. பெயரைப் பார்த்தால் ஏதோ உத்தரவாதம் தருகிற மாதிரி இருக்கும். உண்மையில் பால்கனி உண்டு என்பது மட்டும்தான் உத்தரவாதம், எங்கே என்பது கம்பெனியின் இஷ்டம். சில சமயம் புறப்படச் சில நாள் இருக்கும்போதுதான் அறை எண்ணே தெரியும். பிடிக்கவில்லை என்று மாற்ற முடியாது. எம்.எஸ்.சி. இதே பால்கனி அறையை பெல்லா, ஃபன்டாஸ்டிகா என்று பெயர் சூட்டி விற்று வந்திருக்கிறது. பெல்லா எடுத்தவருக்கு அறையைக் கம்பெனி ஒதுக்கும், ஃபன்டாஸ்டிகா எடுத்தவர் தானே தேர்வு செய்யலாம், இடமும் உசத்தி. கட்டில் என்னவோ அதே கட்டில்தான். இன்னும் சில கம்பெனிகளில் ஏலம் வேறு. இவ்வளவு கூடத் தருகிறேன், மேல் வகைக்கு மாற்று என்று கேட்க வேண்டும். ராயல் கரீபியனின் ராயல்அப் திட்டத்தில் வகையைத்தான் கேட்க முடியும், இடத்தைக் கேட்க முடியாது. நடுத் தளத்தில் நிம்மதியாக இருந்தவர் காசு கட்டி ஏலம் ஜெயித்து, கடைசியில் அமரத்து மூலையில் போய்ப் படுக்கலாம். அடேங்கப்பா, காசு கொடுத்து தூக்கத்தைத் தொலைக்க இவ்வளவு நேர்த்தியான வழி வேறு எந்தத் தொழிலிலும் கிடையாது.

நம்ம ரயில்வேயை நாம் திட்டாத நாளில்லை. ஆனால் கீழ் பெர்த்துக்கு அது தனிக் காசு வாங்குவதில்லை. 60 வயது கடந்தவருக்கும், 45 வயது கடந்த பெண்ணுக்கும் கேட்காமலேயே காலியிடம் இருந்தால் கீழ் பெர்த் போட்டுத் தரும் ஏற்பாடு வைத்திருக்கிறது. ஏற முடியாதவருக்குக் கீழே இடம். எவ்வளவு எளிமையான அறிவு! காதுக்குள் சமநிலை கெட்டுத் தலைசுற்றல் இருக்கும் ஒரு பாட்டி கப்பலில் நடுத் தளத்து நடு அறை கேட்டால், அதற்கென்று ஒரு சலுகை கிடையாது. அந்த இடத்துக்கு என்ன குறியீடோ அந்தக் குறியீட்டின் விலை.

இது நமக்கு எதற்கு என்று கேட்க முடியாத காலம் வந்துவிட்டது. 2021-ல் மும்பையில் கோர்டேலியா கப்பல் ஓட ஆரம்பித்தது, 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் புறப்பட்டது. சிங்கப்பூருக்கு விமானம் பிடித்து அங்கிருந்து கப்பல் ஏறும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. பெரும்பாலும் யார்? ஓய்வுபெற்ற அப்பா அம்மாவை வாழ்க்கையில் ஒரு தடவை கப்பலில் அழைத்துப் போக ஆசைப்படும் பிள்ளைகள். பி.எஃப். பணத்தில் ஒரு பங்கு, மகனின் போனஸில் ஒரு பங்கு. "அப்பாவுக்கு உசத்தியா இருக்கட்டும்" என்று உச்சித் தளத்தைத்தான் போடுவார்கள். மூன்று நாள் பயணத்தில் இரண்டு நாள் அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு படுத்திருப்பார். பிள்ளை காசை மிச்சம் பிடித்து நாலு தளம் கீழே போட்டிருந்தால் அவர் பால்கனியில் உட்கார்ந்து சூரியோதயம் பார்த்திருப்பார். இந்த அநியாயம் யார் கணக்கில் வரும்?

கம்பெனிகளைக் கேட்டால் "டெக் பிளான் வெளிப்படையாகத்தானே இருக்கு, பார்த்துத் தேர்வு செய்யலாமே" என்பார்கள். மூன்று தளத்துப் படத்தை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, உங்கள் அறைக்கு மேலே என்ன கீழே என்ன என்று விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேட வேண்டும். சில படங்களில் அடுப்படியும் ஸ்டோர் ரூமும் இருக்கும் இடம் வெறும் வெள்ளையாக விடப்பட்டிருக்கும். பயணி கேட்பது பெரிய சலுகை ஒன்றுமில்லை. பணம் கட்டும் பக்கத்தில், அறை எண்ணுக்குப் பக்கத்தில், மேலே இருப்பது என்ன, கீழே இருப்பது என்ன, கப்பலின் நடுவிலிருந்து எவ்வளவு தூரம், காட்சியை மறைப்பது எது என்று நாலு வரி. மிட்டாய் பொட்டலத்திலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சடிக்கச் சொல்கிறது சட்டம்.

தாமாகச் செய்வார்களா? பால்கனி விஷயத்தில் இவர்கள் தாமாகச் செய்ததன் லட்சணம் 2006 மார்ச் 23 அன்று தெரிந்தது. ஜமைக்கா நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஸ்டார் பிரின்சஸ் கப்பலில் ஒரு பால்கனியில் தீ. அணையாத சிகரெட் துண்டாக இருக்கலாம் என்பது விசாரணை முடிவு. தடுப்புகளும் நாற்காலிகளும் எளிதில் எரியும் பிளாஸ்டிக் வகை. தீ சில நிமிடங்களில் பால்கனி பால்கனியாகத் தாவி மேல் தளங்களுக்கு ஏறியது. ஒரு பயணி இறந்தார். பால்கனியில் என்னென்ன பொருள் வைக்கலாம், தீயை எப்படிக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற சர்வதேச விதி அமலுக்கு வந்தது 2008 ஜூலையில். அதுவரை பால்கனியை வெறும் விற்பனைச் சரக்காகத்தான் பார்த்தார்கள்.

இடத்தைப் பற்றிப் பேசும்போது பால்கனிக்கு வழியே இல்லாதவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். 2013-ல் அமலுக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, கப்பல் ஊழியர் படுக்கும் அறை சுமைக்கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும் என்கிறது. பயணிகள் கப்பலுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாமாம், அதற்குக் கீழேயும் படுக்க வைக்கலாமாம். வெளிச்சுவரின் ஒவ்வொரு மீட்டரும் காசாகும் கப்பலில் அந்த விலக்கு யாருக்கு உதவும் என்று சொல்லத் தேவையில்லை. காலை ஐந்து மணிக்கு நாற்காலி இழுப்பவர் அங்கிருந்துதான் ஏறி வருகிறார், அவரை யாரும் திட்ட வேண்டாம்.

அடுத்த விடுமுறைக்குக் கப்பல் போடுகிற வீட்டில் யாராவது இருந்தால் ஏஜெண்டிடம் தளத்தின் எண்ணைக் கேட்பதற்கு முன்னால் இரண்டே கேள்வி போதும். தலைக்கு மேலே என்ன இருக்கு? நடுவிலிருந்து எவ்வளவு தூரம்? "கேட்டுச் சொல்றேன் சார்" என்றுதான் பதில் வரும். பதில் வரும்வரை அட்வான்ஸ் கட்டாதீர்கள்.